அடர் பழுப்பு

குஞ்சிதபாதம் இரவு சி ஷிப்ட் முடிந்து வந்து, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, முகத்தில் இருந்த கரித்தூளைக்கூடக் கழுவாமல் கூண்டைத் திறந்தபோது உமியில் ரத்தம் கிடந்தது. பூனை வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். குஞ்சுகளை எண்ணினார். பதினைந்தும் இருந்தன. அப்புறம்தான் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பூனை என்றால் ஒன்றோடு போயிருக்கும்.

மூலையில் ஒரு குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இரண்டு இறக்கைகளும் தொங்க, கண்ணை மூடி நின்றது. விரலால் மெல்லத் தள்ளினார். அது இரண்டு அடி நடந்து வாலைத் தூக்கியது. வந்தது ரத்தம்.

அவருடைய மனைவி ஆதிலட்சுமி, மகள் இசைப்பிரியாவின் இரண்டாவது பிரசவத்துக்காகத் திருவதிகைக்குப் போயிருந்தாள். போகும்போது சொன்னது ஒரே ஒரு விஷயம். "சோறாக்க முடியலன்னா ஓட்டல்ல துன்னுங்க. குஞ்சுங்க மட்டும் நான் வர வரைக்கும் பத்திரமா இருக்கணும். பேரப்புள்ளைக்கு முட்ட இதுங்க போட்டுத்தான் ஆவணும்." இருபத்து நான்கு வருடக் கல்யாண வாழ்க்கையில், உயிருள்ள எதையும் அவள் அவர் பொறுப்பில் விட்டது அதுதான் முதல் தடவை.

பதினைந்தில் பத்துக் குஞ்சுகள் புறக்கடைக் கோழி நல மையம் கொடுத்தவை. ஒவ்வொன்றின் காலிலும் நீலச் சுருள் வளையமும் அதில் ஓர் எண்ணும் உண்டு. மீதி ஐந்து ஆதிலட்சுமியின் சொந்தக் கோழி பொரித்தவை, வளையம் கிடையாது. தெருவில் வளையம் போட்டவற்றை பெர்மனென்ட் என்றும், போடாதவற்றை காண்ட்ராக்ட் என்றும் சொல்வார்கள். நெய்வேலியின் கடைசி பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குஞ்சிதபாதமே சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட்டில் இருபத்திரண்டு வருடமாகக் காண்ட்ராக்ட்.

செத்த பூச்சியைப் பொட்டலம் கட்டுவதுபோல ரத்தம் படிந்த உமியைத் தாளில் மடித்துக்கொண்டு, தீவனக் கடை மணிமொழியிடம் ஓடினார். அவள் தாளைப் பிரித்து ஒரு தடவைதான் பார்த்தாள்.

"ரத்தக் கழிச்சலுங்க. குடல்ல வர்ற கிருமி. இந்த வயசுக் குஞ்சத்தான் புடிக்கும். உமி ஈரமா இருந்தா பெருகிக்கினே போவும். பவுடர் இருக்குது, தண்ணியில கலந்து அஞ்சு நாளு அத மட்டும் குடிக்க வையுங்க. இன்னிக்கே ஆரம்பிச்சா முக்காவாசி தப்பிச்சிக்கும்."

அவர் கை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. சட்டைப் பையிலிருந்து பயனாளி அட்டையை எடுத்துப் பார்த்தார். ஏழாவது விதி: மையத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வளையமிட்ட குஞ்சுகளுக்கு எந்த மருந்தும் அளிக்கமாட்டேன் என உறுதியளிக்கிறேன். அதன் கீழே மூன்று இடங்களில் அவருடைய கையெழுத்து.

"கையெழுத்து போட்டிருக்கேம்மா" என்றார்.

"கையெழுத்தப் பாத்துக்கினா குஞ்சு சாவுது?"

மணிமொழிக்கு அவருடைய கையெழுத்துப் பயம் தெரியாது. முந்தைய காண்ட்ராக்டரிடம் வருகைப் பதிவேட்டில் ஒரு வரி தள்ளிக் கையெழுத்துப் போட்டதற்காக, இரண்டு மாதம் கேட் பாஸ் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தவர் அவர். அன்றிலிருந்து போட்ட கையெழுத்தை மூன்று தடவை சரிபார்க்காமல் அவர் நகர்வதில்லை. பவுடரை வாங்காமல் சைக்கிளை மையத்துக்குத் திருப்பினார்.

மையம் பெரிய கட்டடம். உள்ளே கோழி எதுவும் இல்லை. வருகிறவர்கள் கிருமிநாசினியில் கால் நனைத்து வருவதற்காக வாசலில் கட்டிய தொட்டியில் மண் கொட்டிக் குரோட்டன்ஸ் வைத்திருந்தார்கள். செடி நன்றாக வளர்ந்திருந்தது. கவுன்டரில் பதிவேடுகளுக்குப் பொறுப்பான சசிகுமார் உட்கார்ந்திருந்தார்.

"வளைய எண்?"

"ஒரு குஞ்சு இல்லீங்க சார். கூண்டு பூரா கெடக்குது." குஞ்சிதபாதம் தாளைப் பிரித்தார். சசிகுமார் நாற்காலியோடு பின்னால் போனார்.

"இது பொது எச்சம். பொது எச்சம் நாங்க வாங்கறதில்ல. ஒரு குஞ்சு, ஒரு பொட்டலம், ஒரு எண். காலையில பத்து மணிக்குள்ள வரணும். போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது."

"அதுக்குள்ள செத்துப் போயிடும் சார். டாக்டர் ஒரு தடவ பாத்தாருன்னா..."

"டாக்டர் போஸ்ட் காலியா இருக்கு. ஆனா டாக்டர் ரூம் இருக்கு." குறை சொல்ல வந்தவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்பதுபோல அறையைக் காட்டினார். அறை நிறைய அட்டைப் பெட்டிகள்.

"வளையம் இல்லாத அஞ்சும் அதுங்களோடதான் சார் இருக்குது."

"அதுங்களுக்கும் நமக்கும் சம்பந்தமில்ல. நாளைக்கு மருந்து எழுதினாலும் வளையம் போட்டதுதான் குடிக்கணும். மத்தது குடிக்காமப் பாத்துக்கறது உங்க பொறுப்பு. இங்க ஒரு கையெழுத்து."

அவர் போட்டார். எழுத்து கோடு தாண்டியது. அதையும் சசிகுமார் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை எல்லாம் இறக்கினார். இட்லிக் குண்டானில் ஒரு குஞ்சு, குக்கரில் ஒன்று, டிபன் கேரியரின் மூன்று அடுக்கிலும் ஒவ்வொன்று, வாளியில் ஒன்று, அண்டாவில் ஒன்று, சோற்றுப் பானையில் ஒன்று, ஆதிலட்சுமியின் துணிக்கூடையில் ஒன்று, சுரங்கத்துக்குப் போட்டுப் போகும் மஞ்சள் ஹெல்மெட்டில் ஒன்று. எல்லாவற்றையும் வட்டமாக வைத்து, கையில் தாளோடு நடுவில் உட்கார்ந்தார். எட்டு மணி நேரம் ஓடும் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகிய ஆள். ஆனால் பெல்ட் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. இவை பார்த்தன. கூட்டமாக இருந்தபோது தாராளமாகப் போட்டவை, தனித்தனியாக வைத்ததும் ஒரு பொட்டுகூடப் போடவில்லை. சாயங்காலம் ஆதிலட்சுமி போன் செய்தாள்.

"எப்பிடி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குது."

"போன அதுங்ககிட்ட புடிங்க. சத்தம் கேக்கணும் போல இருக்குது."

அவர் போனை நீட்டினார். பாத்திரங்களில் ஒரு சத்தமும் இல்லை. பத்தும் கண்ணை மூடி நின்றன.  போனை வாய்க்கு அருகில் கொண்டுவந்து, "கிய்ய், கிய்ய், கிய்ய்" என்றார். 

"சரி, வெச்சிடறேன்" என்றாள் ஆதிலட்சுமி.

இட்லிக் குண்டானில் இருந்த நானூற்றுப் பதினோராம் எண் குஞ்சு அதற்குள் செத்துப் போயிருந்தது.

மற்றவை புதன்கிழமை காலையில்தான் ஒவ்வொன்றாகப் போட்டன. ஒன்பது பொட்டலங்களோடு மையத்தில் நின்றார். இந்த முறை உள்ளேயே அழைத்துப் போனார்கள். நோய்த் தடுப்பு அலுவலர் இளம்பரிதி மேஜையில் ஒரு வண்ண அட்டையை விரித்தார். பச்சை, வெள்ளை, மஞ்சள், பழுப்பு, அடர் பழுப்பு என்று ஐந்து கட்டங்கள்.

"உங்க சாம்பிள் இதுல எதுன்னு பாருங்க."

"இதுல சிவப்பு இல்லீங்களே சார்."

இளம்பரிதி சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர் போலிருந்தது. எழுந்து, சுவரில் மாட்டியிருந்த சான்றிதழுக்கு அருகில் போய் நின்றுகொண்டார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த மண்டலத்துல மாசம் இருநூறு கேஸ். ரத்தக் கழிச்சல். மேலேந்து கேள்வி மேல கேள்வி. மூணு நாள் கருத்தரங்கு வெச்சோம். ஆளாளுக்குச் சொன்னாங்க. உமிய காய வைக்கணும், ஒரே கூண்டுல அடைக்கக் கூடாது, மருந்த அன்னிக்கே குடுக்கணும். எல்லாம் வேலை வைக்கற யோசனை. நான் ஒருத்தன்தான் படிவத்தை எடுத்துப் பாத்தேன். அதுல சிவப்புன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. கட்டம் இருந்தா யாராவது டிக் அடிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க. மனுஷ சுபாவம். கட்டத்தை எடுத்தேன். அடுத்த மாசத்துலேந்து இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு கேஸ் கிடையாது. போன மாசம் நம்மள ரத்தக் கழிச்சல் இல்லா மண்டலம்னு அறிவிச்சாச்சு."

"சார், இது ரத்தம்தான் சார்."

"நீங்க டாக்டரா?"

"இல்லீங்க."

"நானும் இல்ல. அதனால நாம ரெண்டு பேரும் நிறத்தோட நிறுத்திக்கறதுதான் நேர்மை." அடர் பழுப்பில் டிக் அடித்தார். "இதுக்குச் சத்து டானிக். பாட்டில சசிகுமார்கிட்ட வாங்கிக்கங்க."

"அந்தப் பவுடர் மருந்து..."

"இருந்துச்சு. திருப்பி அனுப்பிட்டோம். நோயே இல்லாத மண்டலத்துல மருந்து வெச்சிருந்தா தணிக்கையில என்ன நினைப்பாங்க? சரி, ஏதாவது இறந்திருக்கா?"

குஞ்சிதபாதம் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"எதுக்குக் கேக்கறேன்னா, பத்துல ரெண்டுக்கு மேல போச்சுன்னா அந்த வீட்டைச் சுத்தி அரை கிலோமீட்டருக்கு இருக்கற எல்லாக் கோழியையும் அப்புறப்படுத்தணும். குழி வெட்டுவோம், சுண்ணாம்பு போடுவோம், மூடிப் பலகை நடுவோம். மண்டலத்தோட பேரு இருக்கே. கோழியே இல்லாத எடத்துல நோய் எப்படிங்க வரும்? எத்தனை இறந்திருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார் குஞ்சிதபாதம். மையத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது. மேஜையில் ஒன்பது பொட்டலம்தான் இருந்தது, யாரும் எண்ணவில்லை. அரை கிலோமீட்டர் என்பது அவருடைய தெரு முழுக்க, அடுத்த இரண்டு தெரு, பிள்ளையார் கோயில் வரைக்கும். அத்தனை வீட்டிலும் கோழி உண்டு. அத்தனை வீட்டுப் பெண்களும் அவர் வாசலில் வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தார். 

"அப்ப நாளைக்குப் பதினோரு மணிக்குக் கள ஆய்வு. பத்து வளையமும் எண்ணுவோம். கூண்டுக்கு முன்னாடி நின்னு போட்டோ. வெள்ளைச் சட்டை போட்டுக்குங்க."

அன்று சாயங்காலம் நானூற்றுப் பதினேழு போயிற்று. வியாழக்கிழமை விடிந்ததும் கூண்டைத் திறந்தவர் நானூற்றுப் பன்னிரண்டு பக்கவாட்டில் படுத்திருப்பதைக் கண்டார். தொட்டார். விறைத்திருந்தது. மூன்று ஆகிவிட்டது. கூண்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.  ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார். எங்கே ஓடுவது, பன்னிரண்டு குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு?

அப்போதுதான், வளையமில்லாத ஐந்தில் ஒன்று, ஆதிலட்சுமி சாந்தி என்று கூப்பிடும் செவலைக் குஞ்சு, செத்ததைச் சுற்றி நடந்து, அது நின்றிருந்த இடத்தில் போய் நின்றது. குஞ்சிதபாதம் அதையே பார்த்தார்.

பெர்மனென்டாக இருந்த ஆள் செத்தால் அந்த இடம் வாரிசுக்கு வரும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பேசுகிற பேச்சு. அவருடைய அண்ணன் மகன் வளவன்கூட ஒரு மனுவோடு ஆறு வருடமாக அலைகிறான். குஞ்சிதபாதத்துக்கு அப்படி ஒரு இடத்தை விட்டுப் போக அப்பன் இல்லை. அப்பன் நாற்று நட்டவர். ஆனால் வழிமுறை தெரியும். செத்ததன் காலிலிருந்து சுருள் வளையத்தை நகத்தால் பிரித்தார். சாந்தியின் காலில் சுற்றினார். குப்பைக்குழியில் புதைத்த மற்ற இரண்டையும் தோண்டி எடுத்து, வளையத்தைக் கழுவி, வேறு இரண்டு குஞ்சுகளுக்குப் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கையெழுத்துகூடத் தப்பாகப் போடக் கூடாது என்று நடுங்கியவர், பத்து நிமிடத்தில் மூன்று பேருக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்.

மிச்சமிருந்த இரண்டை, சாம்பல் குஞ்சையும் கருப்பியையும், சமையலறையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதற்குள் விட்டார். காற்றுக்கு ஒரு கரண்டியை முட்டுக் கொடுத்தார்.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. ஏழு பேர் இறங்கினார்கள். ஒருவர் பேனர் கட்டினார். இளம்பரிதி பூட்ஸ் காலோடு நேராகக் கூண்டுக்குள் இறங்கினார். காலையிலிருந்து ஆறு வீட்டுக் கூண்டுகளில் இறங்கிய பூட்ஸ் அது. ஒவ்வொரு வீட்டு உமியும் அதில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தண்ணீர்த் தட்டு அவர் காலில் பட்டுக் கவிழ்ந்து, உமியெல்லாம் நனைந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"நானூத்தி எட்டு... நானூத்தி ஒம்போது..." சசிகுமார் எண்ணிக்கொண்டே வந்தார். "நானூத்தி பன்னெண்டு." சாந்தியின் காலைப் பிடித்துத் தூக்கினார். பதிவேட்டில் வெள்ளை என்று இருந்தது. கையில் இருந்தது செவலை. அவர் குஞ்சைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், குஞ்சிதபாதத்தைப் பார்த்தார். 

"எண் சரியா இருக்கு" என்றார் சசிகுமார். "நிறம் இறகு மாறறப்ப மாறும்."

சமையலறையிலிருந்து கருப்பி கத்தியது.

"உள்ள என்ன சத்தம்?" என்றார் இளம்பரிதி.

"போனுங்க சார். என் வூட்டுக்காரி கூப்புடறா."

"எடுங்களேன்."

"பரவால்லீங்க சார். அவ அப்புறமும் கூப்புடுவா." கருப்பி மறுபடி கத்தியது. குஞ்சிதபாதம் பலமாக இருமினார். விடாமல் இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இளம்பரிதி உருகிவிட்டார். அவர் தோளில் கை போட்டுக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பாருங்க, ஒரு எளிய மனுஷர், உணர்ச்சிவசப்பட்டுட்டார். பத்துக்குப் பத்து. ஒரு இறப்பு இல்ல. நாம எதுவுமே பண்ணாம இவ்வளவு சாதிச்சிருக்கோம்னா, ஏதாவது பண்ணியிருந்தா எவ்வளவு கெட்டுப் போயிருக்கும்னு யோசிங்க."

கை தட்டினார்கள். நனைந்த உமியில் ஒரு குஞ்சு ரத்தமாகப் போட்டது. இளம்பரிதி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அடர் பழுப்பு" என்றார். சசிகுமார் எழுதிக்கொண்டார்.

ஜீப் கிளம்பும்போது குஞ்சிதபாதம் பின்னாலேயே ஓடினார். "சார், மருந்து... அனுமதி மட்டுமாவது..."

"நோயில்லாத வீட்டுக்கு மருந்தா?" என்றார் இளம்பரிதி, ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல. ஜீப் போய்விட்டது.

அவர் புழுதியில் நின்றார். அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. குஞ்சுகளைக் குழியிலிருந்து காப்பாற்றத்தான் வளையத்தை மாற்றினார். மாற்றியதால் நோய் இல்லை என்று ஆகிவிட்டது. நோய் இல்லை என்று ஆனதால் மருந்தும் இல்லை. அவர் எழுதிய கணக்கிலேயே அவர் மாட்டிக்கொண்டார். உள்ளே பன்னிரண்டு உயிர்கள் ஈர உமியில் நின்றுகொண்டிருந்தன.

சைக்கிளைக்கூட எடுக்காமல் மணிமொழி கடைக்கு நடந்தார். வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மணிமொழி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு பாக்கெட்டை எடுத்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று அதன் மேலேயே பேனாவால் எழுதினாள்.

"வேற தண்ணி வைக்காதீங்க. தெனமும் காத்தால புதுசா கலக்குங்க. உமி மொத்தத்தையும் வாரிக் கொட்டிட்டு, தரை காய்ஞ்சப்புறம் புதுசு போடுங்க. மையத்துல டானிக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"அத மட்டும் குடுத்துடாதீங்க. அதுல இருக்கிற சத்து இந்த மருந்த வேல செய்ய வுடாது."

அவர் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். பவுடரை டம்ளரில் கலக்கினார். ஏழாவது விதி எழுத்தெழுத்தாகக் கண்ணுக்கு முன்னால் ஓடியது. தெருவில் எந்த வண்டி போனாலும் டம்ளரைப் பின்னால் மறைத்துக்கொண்டார். உமியை வாரிக் கொட்டி, சுண்ணாம்பு தெளித்து, புது உமி பரப்பி, தட்டை வைத்துவிட்டு விலகி நின்றார். முதலில் சாந்தி வந்து குடித்தது. பிறகு நானூற்று எட்டு. அப்புறம் சாம்பலும் கருப்பியும். வளையம் போட்டது, போடாதது எல்லாம் ஒரே தட்டில் தலையைக் குனிந்து, தலையை அண்ணாந்து குடித்தன. குஞ்சிதபாதம் தடுக்கவில்லை. அன்று ஷிப்டுக்குப் போகவும் இல்லை.

வெள்ளிக்கிழமை நானூற்றுப் பதினைந்து செத்தது. அதன் வளையம் சாம்பலுக்குப் போயிற்று. கருப்பி ஒன்றுதான் இன்னும் காண்ட்ராக்ட். சனிக்கிழமை உமியில் ரத்தம் குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் குப்புறப் படுத்துத் தேடினார். ஓரிடத்தில்தான் இருந்தது.

அப்படிக் குப்புறப் படுத்திருக்கும்போதுதான் ஆதிலட்சுமி வந்து சேர்ந்தாள். பேத்தி பிறந்திருக்கிறாள் என்ற சேதியைச் சொல்ல வாயெடுத்தவள், கூண்டைப் பார்த்தாள்.

"நாலு எங்க?"

அவர் எழுந்திருக்காமலே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் விடவில்லை. சொல்லி முடித்து அவள் கத்துவதற்காகக் காத்திருந்தார். அவள் பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கிப் போன்ல கத்தினது நீங்கதான்னு தெரியும்" என்றாள். "இருவத்தி நாலு வருஷமா கேட்டுக்கினு இருக்கிற குரலு. பயந்துக்கினு இருக்கீங்கன்னுதான் ஒண்ணும் கேக்கல."

அவருக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழுதார்.

திங்கட்கிழமை மையத்தில் விழா. பயனாளிகள் நாற்பது பேரும் பத்துப் பத்துக் குஞ்சுகளோடு வர வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். மையத்தை நடத்தும் வாரியத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து எண்ணுவாராம். குஞ்சிதபாதம் கூடையோடு கடைசி வரிசையில் நின்றார். சாந்தியின் நிறத்தை இந்த அதிகாரி கண்டுபிடித்துவிடுவார் என்று உறுதியாக நம்பினார். கூடையைத் துண்டால் மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

பக்கத்தில் மலர்விழி என்ற பெண் நின்றிருந்தாள், மந்தாரக்குப்பத்துக்காரி. அவள் கூடைக்குள்ளிருந்து ஒரு தலை நீண்டது. தட்டையான மூக்கு. குஞ்சிதபாதம் குனிந்து பார்த்தார். வாத்துக்குஞ்சு. காலில் நீல வளையம்.

அவள் வெளிறிப்போய் அவரைப் பார்த்தாள். அவர் தன் துண்டைக் கொஞ்சம் விலக்கிச் சாந்தியைக் காட்டினார். அவள் மூச்சை விட்டாள்.

அதற்கப்புறம்தான் அவர் மற்ற கூடைகளைப் பார்த்தார். முன் வரிசையில் ஒருவர் புறா வைத்திருந்தார். இன்னொருவரிடம் மூன்று காடைகள். ஒரு பெரியவர் கூடையில் முட்டையிடும் பருவத்துக் கோழி ஒன்று, வளையம் இறுக்கி, ஒற்றைக்காலில் நின்றது. நாற்பது கூடையிலும் பத்துப் பத்து வளையம். நாற்பது முகத்திலும் அவருக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஒரே பயம்.

"மணிமொழி கடயா?" என்று கேட்டார், உதடு அசையாமல்.

"ஆமாண்ணா. மூணு நாளாச்சு" என்றாள் அவளும் உதடு அசையாமல்.

பெரிய அதிகாரி எண்ணினார். வாத்தை எண்ணினார். புறாவை எண்ணினார். புறா அவர் விரலைக் கொத்தியது. "நல்ல ஆரோக்கியம்" என்றார். நானூறு. மேடையின் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் படம் எடுப்பதற்காக யாரோ ஒருவர் வீட்டுக் குஞ்சை நிறுத்தினார்கள். அது இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, துணியில் போட்டது. கடைசி வரிசையிலிருந்தே சிவப்பாகத் தெரிந்தது.

பெரிய அதிகாரி மைக்கில் கேட்டார்: "உங்க யார் வீட்டிலாவது ரத்தக் கழிச்சல் இருக்கா? தைரியமாச் சொல்லலாம்."

நாற்பது பேரும் தங்கள் கூடையைப் பார்த்தார்கள். குஞ்சிதபாதத்தின் கை மேலே போகத் துடித்தது. அரை கிலோமீட்டர் என்ற வார்த்தை நினைவுக்கு வந்தது. கை இறங்கிவிட்டது. இளம்பரிதி ஒரு கேடயத்தை எடுத்து, மேஜைத் துணியின் அந்த இடத்தின் மேல் சரியாக வைத்தார்.

விழா முடிந்ததும் டாக்டர் அறையின் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஆளுக்கொரு கேடயம் கொடுத்தார்கள். கனமான மரம். பித்தளைத் தகட்டில் "ரத்தக் கழிச்சல் இல்லா இல்லம்" என்று பொறித்திருந்தது. மேடையிலிருந்து அந்தக் குஞ்சை இறக்கி வாங்கிக்கொண்ட கிழவரின் கையில், போகிற போக்கில், மலர்விழி எதையோ திணிப்பதைக் குஞ்சிதபாதம் பார்த்தார். பவுடர் பாக்கெட்.

வீட்டில் ஆதிலட்சுமி கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். கூண்டுக்குள் கொண்டுபோய்த் தரையில் படுக்க வைத்து, அதன் மேல் தண்ணீர்த் தட்டை வைத்தாள். தட்டு உயர்ந்துவிட்டது, இனி சிந்தினாலும் உமி நனையாது.

"ஏய், அதுல எழுதியிருக்குது" என்றார் குஞ்சிதபாதம்.  "ஆய்வுக்கு வந்தாங்கன்னா?"

"வரட்டும். மையத்துல குடுத்ததுல உருப்படியா வேல செய்யறது இது ஒண்ணுதான்னு சொல்லுங்க."

கருப்பி வந்து கேடயத்தின் விளிம்பில் ஏறியது. வளையமில்லாத கால் பித்தளையில் வழுக்கி, பிறகு நிலைகொண்டது. மருந்துத் தண்ணீரை மூன்று மடக்குக் குடித்தது. இறக்கையை உதறியது. வாலைத் தூக்கியது.

குஞ்சிதபாதம் மண்டியிட்டுக் குனிந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் தொட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. ஓரத்தில் ஒரு பொட்டு வெள்ளை.

"ஆதி" என்று கத்தினார். "இங்க வா, வந்து பாரேன். பழுப்பு. நெஜமாவே பழுப்பு!"